பல்செட்டில் படியும் பூஞ்சை மருந்துக்கு ஏன் மசிவதில்லை: கழுவுவது முதல் மருந்து மாற்றுவது வரை

மேல்தாடைப் பல்செட்டைக் கழற்றச் சொல்லி, டார்ச் விளக்கோடு அண்ணத்தைப் பாருங்கள். செட் உட்காரும் இடம் மட்டும் அளவெடுத்து வரைந்ததுபோல் சிவந்திருந்தால், அது பெரும்பாலும் பல்செட்டால் வரும் பூஞ்சைப் புண். பலருக்கு வலியே இராது. சிலருக்கு ரசம் சாப்பிட்டால் எரியும், கடைவாயோரம் வெடிக்கும், நாக்கில் ருசி மங்கும். பல் மருத்துவர்கள் இதை மூன்று படியாகப் பிரிப்பார்கள்; நியூட்டன் என்ற ஆய்வாளர் 1962இல் வகுத்த பிரிவு அது. முதல் படியில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள். இரண்டாவதில் செட்டுக்குக் கீழ் முழுவதும் சிவப்பு. மூன்றாவதில் அண்ணத்தில் சிறுசிறு முண்டுகள். முண்டு விழுந்த பிறகு மருந்தால் மட்டும் அண்ணம் பழைய வழவழப்புக்குத் திரும்பாது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற நகரத்தில் இது மெத்தப் பழகிய காட்சி. மருந்து கொடுத்தால் பத்து நாளில் சிவப்பு தணியும், அடுத்த மாதமே திரும்பும். உடனே "மருந்து பிடிக்கவில்லை, வேறு மருந்து வேண்டும்" என்று அடுத்த கிளினிக்குக்கு நடை. பெரும்பாலான வீடுகளில் பிழை மருந்தில் இல்லை. நோய் வாயில் பாதி, பல்செட்டில் பாதி. வாய்க்கு மருந்து போய்ச் சேர்கிறது. செட்டுக்கு ஒன்றும் போவதில்லை.

படலம் எப்படிக் கட்டுகிறது

இந்தப் புண்ணுக்குக் காரணமான ஈஸ்ட்டுகளில் முதலாவது கேண்டிடா அல்பிகன்ஸ். ஆரோக்கியமான பலர் வாயிலும் அது சும்மா குடியிருக்கும். பல்செட் செய்யும் அக்ரிலிக் பார்வைக்கு வழவழப்பு, நுண்ணளவில் குழியும் துளையும் நிறைந்தது. அதிலும் அண்ணத்தைத் தொடும் உட்புறத்தை அளவு மாறாமல் இருக்க மெருகிடாமல் விட்டிருப்பார்கள். ஈஸ்ட் செல்கள் முதலில் ஒட்டுவது அங்கேதான்.

அக்ரிலிக் துண்டில் வளர்த்துப் பார்த்த ஆய்வக சோதனைகளில் முதல் 11 மணி நேரம் செல்கள் ஒட்டிச் சிறு கூட்டம் கூட்டமாகும். 12இலிருந்து 30 மணிக்குள் தங்களைச் சுற்றிப் பசைபோன்ற ஒன்றைச் சுரக்கும். 38இலிருந்து 72 மணிக்குள் இழைகளும் செல்களும் பசைக்குள் புதைந்த முதிர்ந்த உயிர்ப்படலம் தயார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோப்பையில் ஒட்டிய பாலை அன்றன்றே எடுத்தால் விரலோடு வரும். இரண்டு நாள் விட்டால் ஒட்டுப்பால் ஆகிவிடும், பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். ராத்திரி தவறாமல் தேய்க்கச் சொல்வதன் கணக்கு இதுதான்: படலம் முதிர விடாமல் 24 மணிக்கு ஒரு முறையாவது கலைத்துவிட வேண்டும்.

படலத்துக்குள் இருக்கும் செல்லைக் கொல்ல, தண்ணீரில் தனியாக மிதக்கும் அதே செல்லுக்கு வேண்டியதைவிட நூறு மடங்கு, சில சோதனைகளில் ஆயிரம் மடங்கு வரை மருந்து வேண்டியிருக்கிறது. காரணம் ஒன்றல்ல. பசையில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, செல்லுக்குப் போய்ச் சேர்வது மிச்சம்தான். படலம் இளசாக இருக்கும்போது செல்சவ்வில் உள்ள பம்புகள் உள்ளே வந்த மருந்தை வெளியே இறைக்கின்றன. முதிர்ந்த படலத்தில் செல்சவ்வின் கொழுப்புச் சேர்க்கையே மாறிவிடுகிறது. இதற்கெல்லாம் மேல், எந்த மருந்துக்கும் அசையாமல் உறக்கத்தில் கிடக்கும் சில செல்களும் உண்டு. மருந்து நின்றதும் அவை விழித்துக்கொண்டு படலத்தை மறுபடி கட்டும். ஒரு மாதத்தில் சிவப்பு திரும்புவதில் அவற்றுக்கும் பங்குண்டு.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மரபணு மாறி வரும் எதிர்ப்பு நிரந்தரம், செல் எங்கே போனாலும் கூடவே போகும். படலம் தரும் பாதுகாப்பு அப்படியல்ல. படலத்தைக் கலைத்தால் அதன் பெரும்பகுதி போய்விடும். முதலாவதற்கு மருந்தை மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு பிரஷ் வேண்டும். பிரஷ் வேலையை விட்டுவிட்டு மருந்தை மட்டும் மறுபடி மறுபடி கொடுத்தால், இரண்டாவது மெல்ல முதலாவதாக மாற இடம் கொடுக்கிறோம்.

வாங்கி வைக்க வேண்டியவை

மிருதுவான பிரஷ் ஒன்று, பல்செட்டுக்கு மட்டும். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. ஃபார்மசியில் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச். கையுறை. வாசனை சேர்க்காத சாதா பிளீச், கடையில் குளோராக்ஸ் என்று கேட்கும் வகை. கெட்டியாக வழியும் வகையும் எலுமிச்சை வாசனை வகையும் வேண்டாம். போத்தலில் சோடியம் ஹைப்போகுளோரைட் எத்தனை விழுக்காடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 5 விழுக்காட்டை ஒட்டியதுதான் வழக்கம். குளியலறை ஜன்னலோரம் வெயில் படும்படி மாதக்கணக்கில் திறந்து கிடந்த போத்தலில் வாசனை இருக்கும், வீரியம் இராது.

பற்பசையை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. இயற்கைப் பல்லின் எனாமலைவிட அக்ரிலிக் மிக மெத்து. பற்பசையில் உள்ள தேய்ப்புத்தூள் அதில் கீறல் போடும், ஒவ்வொரு கீறலும் ஈஸ்ட்டுக்கு ஒரு லயத்து வீடு. உமிக்கரி, உப்பு, செங்கல் தூள் இவை இன்னும் மோசம்.

ராத்திரி வேலை

கழுவும் தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்புங்கள், அல்லது அடியில் துண்டு விரியுங்கள். சோப்புக் கையிலிருந்து நழுவி சிமெண்டில் விழுந்து இரண்டாகும் பல்செட்டுகள் ஏராளம். உடைந்ததை வீட்டுப் பசையால் ஒட்டக் கூடாது: ஒட்டிய இடமும் படலத்துக்கு ஒதுங்கிடம், பொருத்தமும் கெடும்.

குழாய்த் தண்ணீரில் சாப்பாட்டுத் துணுக்கையும், செட்டைப் பிடிக்கப் பூசிய கிரீமையும் அலசுங்கள். கிரீம் முழுதாகப் போகாவிட்டால் அதன்மேல் போடும் சோப்பும் பிளீச்சும் வீண். பிறகு சோப்பில் இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். தெரியும் பல்லைப் பளபளக்கத் தேய்த்துவிட்டு உட்புறத்தை ஒரு இழுப்போடு விடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. தலைகீழாகச் செய்யுங்கள்: அண்ணத்தில் படியும் குழிவான உட்புறத்துக்கு ஒன்றரை நிமிடம், பல்லுக்கு மீதி. ஈறு உட்காரும் பள்ளத்துக்குள் பிரஷின் நுனி இறங்க வேண்டும். நகத்தால் சுரண்டிப் பார்த்தால் வழுக்கும் வெள்ளைப் பசை வரக்கூடாது.

அடுத்து பிளீச். சிரிஞ்சால் 10 மில்லி எடுத்து 90 மில்லி சாதா தண்ணீரில் கலந்தால், 5 விழுக்காட்டு பிளீச் 0.5 விழுக்காடாகும். போத்தலில் 2.5 விழுக்காடு என்றிருந்தால் 20 மில்லிக்கு 80 மில்லி. அதில் செட் முழுதும் மூழ்கி 3 நிமிடம் கிடக்கட்டும். 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். "ராத்திரி முழுக்க ஊறினால் இன்னும் சுத்தம்" என்று விட்டுவைத்தால் இளஞ்சிவப்பு ஈறு வெளிறி, அக்ரிலிக் கெடும். எடுத்தபின் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். கலவையை அன்றே கொட்டிவிடுங்கள். நாளைக்கு அது வெறும் தண்ணீர்.

ஒரே தொட்டியில் மூன்று விஷயம் சேரக்கூடாது. பிளீச்சோடு வினிகர் அல்லது எலுமிச்சை சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் அது விளையாட்டில்லை. பிளீச்சோடு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்நீர் சேர்ந்தால் பழுப்பாகத் திரியும். பிளீச்சில் செட் ஊறும் டப்பாவுக்குள் செட் கழுவ விற்கும் நுரைக்கும் மாத்திரையைப் போடவும் கூடாது. மாத்திரை பயன்படுத்தினால் தனித் தண்ணீரில், தனி நேரத்தில்.

பிளீச் எல்லாச் செட்டுக்கும் ஆகாது. கொக்கியோ தகடோ உலோகமாக இருந்தால் கறுத்து அரிக்கும். உள்ளே மெத்தென்ற ரப்பர் போன்ற லைனர் வைத்திருந்தாலும் பிளீச் அதைக் கெடுக்கும். அவற்றுக்கு 0.2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் வாய்நீரில் நாளுக்கு இருமுறை 15 நிமிடம் ஊறவைப்பது ஏற்ற மாற்று. 0.12 விழுக்காட்டுப் போத்தலும் கடையில் உண்டு, லேபிளைப் படித்து வாங்குங்கள். தே தாரிக் தேநீரும் வெற்றிலையும் சேர்ந்தால் குளோர்ஹெக்சிடின் பல்லில் பழுப்புக் கறை விடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நாலாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

கொதிநீர் மட்டும் எந்தச் செட்டுக்கும் வேண்டாம். கிருமி சாகிறதோ இல்லையோ, செட் நெளிந்துவிடும். நெளிந்த செட் ஈறை அழுத்தும், அழுத்திய இடத்தில் புண், புண்ணில் பூஞ்சை.

செட்டை வெளியே வைத்துத் தூங்க வேண்டும், ஆறிலிருந்து எட்டு மணி நேரம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும். எச்சில்தான் வாயின் காவல். எச்சில் குறைந்த இரவில் செட்டும் மூடியிருந்தால் ஈஸ்ட்டுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. கழற்றிய செட்டைப் புதுத் தண்ணீர் மாற்றிய டப்பாவில் வையுங்கள். டப்பாவையும் தினம் சோப்பால் கழுவுங்கள்: மூன்று நாள் மாற்றாத தண்ணீர்தான் பல வீடுகளில் தொற்றின் ஊற்று.

செட் இல்லாத வாயையும் விடக்கூடாது. அண்ணம், ஈறு, நாக்கு மூன்றையும் ஈரமான மெல்லிய துணியைச் சுட்டுவிரலில் சுற்றி மெதுவாகத் துடையுங்கள்.

பல்லில்லாத முகத்தை வேற்றாள் பார்த்துவிடக் கூடாது என்பது நம் பாட்டிமாருக்குப் பெரிய மானப் பிரச்சினை. மதிய வேளையில் கழற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், நடக்காது. வாசல் சாத்தியபின் என்று நேரம் குறித்துக்கொண்டால் தினமும் நடக்கும்.

மருந்தைப் போடும் விதம்

அளவும் நாளும் மருத்துவர் எழுதியபடி. கீழே சொல்வது அந்த மருந்து வீணாகாமல் போட்டுக்கொள்ளும் முறை.

நிஸ்டாட்டின் திரவம் வழக்கமாக மில்லிக்கு 1,00,000 யூனிட். பெரியவர்களுக்கு 4 முதல் 6 மில்லி, நாளுக்கு நான்கு முறை என்று எழுதுவது பரவலான வழக்கம். இந்த மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேராது, தொட்ட இடத்தில்தான் வேலை. ஆகவே இருமல் மருந்துபோல் மடக்கென்று விழுங்கினால் ஒன்றும் நடக்காது. போத்தலைக் குலுக்குங்கள், செட்டைக் கழற்றுங்கள், பாதியை ஒரு கன்னத்திலும் பாதியை மறு கன்னத்திலும் விட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து அண்ணம் நனைய, முடிந்தமட்டும் சில நிமிடம் வைத்திருக்கட்டும். பிறகு விழுங்கலாம். அரை மணிக்கு ஒன்றும் சாப்பிட வேண்டாம், செட்டும் வேண்டாம். காலையில் பசியாறியபின், மதியச் சாப்பாட்டுக்குப்பின், மாலைத் தேநீருக்குப்பின், படுக்குமுன் என்று நான்கு வேளையைக் கட்டிப்போடுவது எளிது. எரிச்சல் மூன்றாம் நாளே நிற்கும். அங்கேதான் எல்லோரும் போத்தலை மூடுகிறார்கள். அறிகுறி எல்லாம் மறைந்து குறைந்தது 48 மணி நேரம் வரை தொடர வேண்டும், மொத்தத்தில் ஒன்று முதல் இரண்டு வாரம். பல தயாரிப்புகளில் சர்க்கரை சேர்ந்திருக்கும் என்பதால், சொந்தப் பல் மிச்சமிருப்பவர்கள் அதைத் துலக்கத் தவறக்கூடாது.

குளோர்ஹெக்சிடினும் நிஸ்டாட்டினும் வாயில் சேர்ந்தால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்யும். குளோர்ஹெக்சிடினைச் செட்டுக்கு மட்டும் வைத்து, வாயில் போடுமுன் அலசிவிட்டால் குழப்பமில்லை. வாயும் கொப்பளிக்கச் சொல்லியிருந்தால் நடுவில் அரை மணியாவது இடைவெளி விடுங்கள்.

மைக்கோனசோல் ஜெல் அண்ணத்தில் நின்று வேலை செய்வதால் சிலருக்கு அது வசதி. செட்டின் உட்புறத்திலும் மெல்லப் பூசச் சொல்வதுண்டு. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அது ஆபத்து. வாயில் பூசும் ஜெல்தானே என்று நினைக்கக்கூடாது; விழுங்கிய ஜெல்லே வார்ஃபரினை ஏற்றி ரத்தக்கசிவு வரைக்கும் கொண்டுபோகும்.

ஃப்ளுகோனசோல் மாத்திரை ரத்தம் வழியாக வருவது. செம்பனையில் கனோடெர்மா என்ற அழுகல் பூஞ்சைக்காக மரத்தில் ஊசிபோட்டுச் சோதிக்கிறார்களே ஹெக்ஸகோனசோல், அதுவும் இதுவும் ஒரே அசோல் குடும்பம்: பூஞ்சை தன் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைச் செய்வதைத் தடுப்பது வேலை. கேண்டிடாவை இது வளரவிடாமல் நிறுத்தும், அடியோடு கொல்வது குறைவு. படலத்துக்குள் இருப்பவை தப்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிஸ்டாட்டின் எர்கோஸ்டெராலைப் பிடித்துச் சவ்வில் ஓட்டை போடுவது, எதிர்ப்பு அதற்குக் குறைவாகவே வருகிறது. முதலில் வாயில் வைக்கும் மருந்து, பிறகு மாத்திரை என்ற வரிசையை அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

ஃப்ளுகோனசோல் தொடங்குமுன் வீட்டிலுள்ள மாத்திரைப் பையை அப்படியே கிளினிக்குக்கு எடுத்துப்போங்கள். கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். கொழுப்புக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டினோடு தசைவலி, தசைச் சிதைவு. வார்ஃபரினோடு ரத்தக்கசிவு. நம் பெரியவர்களின் பையில் இவற்றில் இரண்டேனும் இருக்கும். பக்கத்து வீட்டில் மிஞ்சிய மாத்திரையை வாங்கிப் போடுவது ஏன் கூடாது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

முதல் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் அண்ணத்தை ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். "பரவாயில்லை" என்ற பேச்சைவிட அந்த மூன்று படம் மருத்துவருக்கு உதவும்.

இரண்டு வாரத்தில் மாறவில்லை என்றால்

மருந்தைக் குற்றம் சொல்லுமுன் செட்டைப் பாருங்கள். ஆடுகிறதா? ஈறு வருஷாவருஷம் சுருங்கும், செட் சுருங்காது. ஆடும் செட் அண்ணத்தை உரசிக்கொண்டே இருக்கும். உரசிய தோலில் ஈஸ்ட் எளிதாக ஏறும். உட்புறத்தைப் புதுப்பிப்பதோ புதிதாகச் செய்வதோ பல் மருத்துவர் முடிவு. வீட்டுக்கே வந்து மலிவாகப் பல் கட்டித் தருபவர்களிடம் போக வேண்டாம். பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வது 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி குற்றம், அளவு தப்பிய செட்டோடு மிஞ்சுவது நீங்கள்.

அடுத்து உடம்பு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அந்த அளவு மற்ற இனங்களைவிட உயர்வு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத வாயில் எச்சிலிலும் சர்க்கரை கூடும், பூஞ்சை விலகாது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம், இரும்புச்சத்துக் குறைவும் நாக்கை எரியவைக்கும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சிவப்பு போகாவிட்டால்தான் மாதிரி எடுக்கும் கட்டம். அண்ணத்திலிருந்து ஒன்று, செட்டின் உட்புறத்திலிருந்து ஒன்று என இரண்டு பஞ்சுக்குச்சி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். செட்டை விட்டுவிட்டால் பாதி விடைதான் வரும். மருந்து போட்டுக்கொண்டிருந்தால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். ஆய்வகத்தில் நிறம் காட்டும் தட்டில் வளர்ப்பார்கள்: கேண்டிடா வகைகளில் அல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் நீலம், குருசெய் வெளிறிய இளஞ்சிவப்பில் ஓரம் பரந்து. வளர்ந்து தெரிய இரண்டு நாள் ஆகும். மாதிரி ஈப்போ நகருக்குப் போய்வரும் நாளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெயர் தெரிந்தாலே பாதி முடிவு. குருசெய்க்கு ஃப்ளுகோனசோல் பிறவியிலேயே வேலை செய்யாது. கிளப்ரேட்டா என்ற இன்னொரு கேண்டிடா வகைக்கு அது அரைகுறை. பல்செட் போட்ட வயதானவர்களிடம், அதுவும் ஃப்ளுகோனசோலைப் பலமுறை சாப்பிட்டவர்களிடம், கிளப்ரேட்டாவை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

அறிக்கையில் எம்ஐசி என்று ஒரு எண் இருக்கும்: வளர்ச்சியை நிறுத்த வேண்டிய மிகக் குறைந்த மருந்தளவு. அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ என்ற ஆய்வகத் தர அமைப்பின் அளவுகோலில், அல்பிகன்ஸுக்கு ஃப்ளுகோனசோல் மில்லிக்கு 2 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ என்றால் மருந்து பிடிக்கும், 4 என்றால் கூடுதல் அளவில் பிடிக்கும், 8இலிருந்து எதிர்ப்பு. கிளப்ரேட்டாவுக்கு 64இலிருந்து எதிர்ப்பு, அதற்குக் கீழ் 32 வரைகூடக் கூடுதல் அளவில்தான்.

பலர் தடுக்கி விழும் இடம் இந்த எண்தான். சோதனை நடப்பது தனித்தனியாகத் திரவத்தில் மிதக்கும் செல்களில். படலத்துக்கென்று மருத்துவத்தில் ஏற்ற அளவுகோல் இன்னும் வகுக்கப்படவில்லை. "பிடிக்கும்" என்று அறிக்கை வந்தும் வாய் ஆறாமல் இருப்பதில் முரண் ஒன்றும் இல்லை. அந்தக் காகிதம் சொல்வது செல்லைப் பற்றி, செட்டைப் பற்றி அல்ல. "எதிர்ப்பு" என்று வந்தால் மட்டும் அது உறுதியான சேதி, மருத்துவர் மருந்தை மாற்றுவார்.

டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் வைத்தவர்களுக்கும் இதே கணக்கு, விலைதான் உயிர். குழாயில் கேண்டிடா படலம் கட்டி ரத்தத்தில் இறங்கினால், எக்கினோகேண்டின் போன்ற மருந்தோடு குழாயையும் சீக்கிரம் எடுத்துவிடவே பார்ப்பார்கள். குழாய் வைத்தவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டால் வீட்டில் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பூஞ்சை என்று நினைத்துக் காலம் கடத்தக்கூடாதவை

துடைத்தால் வராத வெள்ளைத் திட்டு, செட் படாத இடத்தில் சிவப்புத் திட்டு, அடி தடித்த புண், வாய் திறக்க முடியாத இறுக்கம். இவற்றில் எது மூன்று வாரம் நின்றாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெற்றிலை பாக்கு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் மூன்று வாரம்கூட வேண்டாம். மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே, கூடுதலாகக் காணப்படுவது இந்தப் பழக்கத்தால்தான். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் பூஞ்சை உணவுக்குழாயில் இறங்கியிருக்கலாம். அதற்கு வாயில் வைக்கும் மருந்து போதாது, மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

சிவப்பு முழுதும் போனபின் பிரஷை மாற்றி, டப்பாவையும் புதிதாக வாங்குங்கள். இரண்டும் சேர்த்துச் சில வெள்ளிதான்.